ரொக்கம் அங்கே, கடன் இங்கேயா?



நமது மலையகத்துப் பெண்கள் விலை விசாரிப்பதில் கெட்டிக்காரர்கள். பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ பஸ் ஏறி ஹட்டன் பஜாருக்கு வந்து, நாலு கடை ஏறி இறங்கி, ஒரு கிலோ பருப்பைப் பத்து ரூபா குறைத்துத் தருகிற கடை எது என்று தெரிந்த பிறகுதான் பணப்பையைத் திறப்பார்கள். இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். கணவன் உழைத்துக் கொண்டுவரும் காசை அமானிதமாக நினைக்கும் பெண்ணின் நல்ல குணம் இது.

இப்போது அந்த நாலு கடைகளோடு இன்னும் இரண்டு கடைகள் சேர்ந்துவிட்டன. ஒன்று, கண்ணாடிக் கதவு போட்ட சுப்பர் மார்க்கட். மற்றொன்று, கையிலிருக்கும் போனுக்குள்ளேயே திறந்திருக்கும் ஒன்லைன் கடை. இரவு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, படுக்கையில் இருந்தபடியே கொழும்பு விலை, சீன விலை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பஜாரிலுள்ள நம் சகோதரர்களின் கடைகள் இந்த இரண்டு பெரிய யானைகளுக்கு நடுவே நிற்கின்றன.

நான் வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கு மார்க்கச் சட்டப் பாடம் நடத்துகிறேன். கொடுக்கல் வாங்கல் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு சகோதரி கேட்டார்:

"மவ்லவி, பஜார்ல ரைஸ் குக்கர் ஒண்டு பாத்தேன். அதே குக்கர் போன்ல ஆயிரத்தி ஐநூறு ரூபா கொறைவு. நான் போன்ல எடுத்தா அந்தக் கடைக்கார நானாவுக்கு அநியாயம் செஞ்சதாகுமா?"

நான் பதில் சொல்லுமுன், அவருக்குப் பக்கத்திலிருந்த, கணவர் கடை வைத்திருக்கும் இன்னொரு சகோதரி மெதுவாகச் சொன்னார்:

"அது பரவால்ல மவ்லவி. காசுக்கு எங்க வேணும் எண்டாலும் எடுக்கட்டும். காச அங்க குடுத்துட்டு, கடனுக்கு மட்டும் எங்கட கடைக்கு வாறாங்களே, அதுதான் தாங்க ஏலாம ஈக்கி."

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த இரண்டு பேச்சையும் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டுமே நியாயமான பேச்சு. ஆகவே, விலை குறைவது எங்கிருந்து வருகிறது, அந்தக் குறைவை அனுபவிக்கும்போது நம்மீதுள்ள கடமை என்ன என்ற இரண்டையும் இந்தக் கட்டுரையில் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

மூன்று கடை, மூன்று கணக்கு

முதலில் சுப்பர் மார்க்கட்டை எடுத்துக்கொள்வோம். 1844ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் வியாபாரம் செய்துவரும் கார்கில்ஸ் நிறுவனம், 1983இல் கொழும்பில் முதலாவது புட் சிட்டியைத் திறந்தது. பின்னர் கீல்ஸ், ஆர்பிகோ என்று பல வந்தன. அரசாங்கத்தின் சதொசவும் இருக்கிறது. இவர்கள் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான கடைகளுக்கும் சேர்த்துக் கொள்முதல் செய்வதால் கம்பனிகள் விலையைக் குறைத்துக் கொடுக்கின்றன. மரக்கறியையும் நேரே தோட்டக்காரரிடமே வாங்குகிறார்கள். கார்கில்ஸ் இதற்காக 1999இல் நமது நுவரெலியா மாவட்டத்து ஹங்குரன்கெத்தையில் ஒரு சேகரிப்பு நிலையம் அமைத்தது. நடுவிலிருக்கும் தரகர்கள் குறைந்தால் விலையும் குறையும். இது உண்மையான குறைவு. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இன்னொரு விதமான குறைவும் உண்டு. சீனி, பருப்பு, பால்மா, கோதுமை மா ஆகியவற்றின் விலை எல்லாப் பெண்களுக்கும் மனப்பாடம். ஒரு கடை மலிவா இல்லையா என்று நாம் தீர்மானிப்பதே இந்த நாலைந்து பொருள்களை வைத்துத்தான். பெரிய கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே அவற்றை இலாபமில்லாமலும், சில நேரம் நட்டத்துக்கும் விற்று, அந்த விலையைப் பெரிய எழுத்தில் வாசலில் தொங்க விடுவார்கள். உள்ளே போன பிறகு பிஸ்கட், ஷாம்பு, மசாலாப் பைக்கட் என்று நமக்கு விலை ஞாபகமில்லாத பொருள்களில் அந்த நட்டம் ஈடாகிவிடும். உலகம் முழுவதும் உள்ள பெரிய கடைகளின் வழக்கம் இது.

அடுத்தது ஒன்லைன் கடை. கப்ருக போன்றவை, வெளிநாட்டிலிருப்போர் இங்குள்ள சொந்தக்காரர்களுக்குக் கேக்கும் பூவும் அனுப்புவதற்கு உதவி வளர்ந்தவை. பாகிஸ்தானில் 2012இல் தொடங்கிய டராஸ் பின்னர் நமது நாட்டுக்கும் வந்தது. 2018இல் சீனாவின் அலிபாபா நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அலிபாபா 2009இல் சீனாவில் தொடங்கிய நவம்பர் 11 மலிவு விற்பனைதான், இன்று நம் பிள்ளைகள் "லெவன் லெவன்" என்று சொல்லிக் காத்திருக்கும் விற்பனை.

இப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் தாமே பொருள் விற்பதில்லை. பெரிய சந்தைக் கட்டடம் ஒன்றைக் கட்டிவிட்டு, ஆயிரக்கணக்கான வியாபாரிகளுக்கு உட்கார இடம் கொடுத்து, விற்றதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. அந்த வியாபாரிக்குப் பஜாரில் கடை வாடகை இல்லை. கண்ணாடி அலுமாரி இல்லை. வாசலில் நிற்கும் பையனுக்குச் சம்பளம் இல்லை. பக்கத்து வியாபாரியின் விலை அவருக்கு எப்போதும் கண்முன்னே தெரிகிறது. அதனால் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை விலையை மாற்றிக்கொள்வார்.

மூன்றாவது நமது பஜார்க் கடை. கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவிலோ கண்டியிலோ மொத்த வியாபாரியிடம் நாலு மூடை, ஐந்து மூடை என்று வாங்கி, லொறிக் கூலி கொடுத்து மலையேற்ற வேண்டும். கடை வாடகை, கரண்ட் பில் இரண்டும் மாதம் தவறாமல் வரும். டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் கூட்டம் ஹட்டனைத் தாண்டிப் போவதால் ஓரளவு வியாபாரம் நடக்கும். மழைக் காலத்தில் பஜார் உறங்கிவிடும். இவ்வளவுக்கும் மேலாக, வேறு இரண்டு கடைகளிலும் இல்லாத ஒன்று இந்தக் கடையில் உண்டு. அதுதான் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் கடன் கொப்பி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

யானைகள் மோதும்போது

பெரியவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டால் வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2009 அக்டோபரில் வால்மார்ட் என்ற மாபெரும் கடை, வெளிவரவிருந்த பத்துப் புத்தகங்களைத் தனது ஒன்லைன் கடையில் 10 டொலருக்குத் தருவதாக அறிவித்தது. அட்டையில் போட்டிருந்த விலை 25 முதல் 35 டொலர் வரை. உடனே அமேசனும் 10 டொலர் என்றது. வால்மார்ட் 9க்கு இறங்கியது, அமேசனும் இறங்கியது. டார்கட் என்ற மூன்றாவது பெரிய கடை 8 டொலர் 99 சதம் என்றது. வால்மார்ட் ஒரு சதம் குறைத்து 8 டொலர் 98 சதம் என்றது! சிறிய புத்தகக் கடைக்காரர்கள் பதிப்பகத்திடம் கொள்முதல் செய்யும் விலையைவிட இது குறைவு. அவர்களே போய் அந்தப் பெரிய கடைகளில் வாங்கி விற்கலாம் என்ற நிலைமை வந்தது. அதற்கும் இடம் கொடாமல், ஒருவருக்கு இத்தனை பிரதிதான் என்று பெரிய கடைகள் வரம்பு போட்டன. சிறிய புத்தகக் கடைகளின் சங்கம் அரசாங்கத்தின் நீதித் திணைக்களத்துக்கு முறையிட்டது.

இரண்டாவது சம்பவம் குழந்தைகளின் பம்பர்ஸ் பற்றியது; தாய்மாருக்கு உடனே விளங்கும். பம்பர்ஸ் விற்பதற்கென்றே ஓர் ஒன்லைன் கடை அங்கே நன்றாக வளர்ந்து வந்தது. அமேசன் தனது பம்பர்ஸ் விலையை அடியோடு குறைத்தது. ஒரே மாதத்தில் 20 கோடி டொலருக்கு மேல் நட்டப்படவும் அது தயாராக இருந்ததை, 2020இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று நிறுவனத்தின் உள் ஆவணங்களிலிருந்தே வெளிப்படுத்தியது. அந்தச் சிறிய நிறுவனத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2010இல் அமேசனே அதைச் சுமார் 54 கோடி டொலருக்கு வாங்கிக்கொண்டது. 2017இல் அந்தக் கடையை மூடியும் விட்டது.

இந்த இரண்டிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. செலவைக் குறைத்து விலையைக் குறைப்பது ஒரு வகை. அந்த மலிவு நிலைத்து நிற்கும். பக்கத்துக் கடையை மூட வைப்பதற்காக நட்டத்துக்கு விற்பது இன்னொரு வகை. பக்கத்துக் கடை இருக்கும் வரைக்கும்தான் அந்த மலிவும் இருக்கும். வாங்குகிறவளின் கையில் வரும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதனால்தான் அரசாங்கங்கள் தலையிடுகின்றன. இந்தியாவில் வெளிநாட்டு முதலீடுள்ள ஒன்லைன் சந்தைகள், நேராகவோ மறைவாகவோ பொருளின் விலையில் கை வைக்கக் கூடாது என்று விதி போடப்பட்டது.

உலர்ந்த திராட்சையின் விலை

இந்தப் பிரச்சினை நமது முன்னோர்களுக்குப் புதியதல்ல. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தரும்படி மக்கள் கேட்டார்கள். நபியவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலையின் ஏற்ற இறக்கம் அல்லாஹ்வின் கையில் இருப்பதாகவும், யாருடைய பொருளிலும் அநியாயம் செய்த முறைப்பாடு தம்மீது இல்லாத நிலையில் இறைவனைச் சந்திக்க விரும்புவதாகவும் சொன்னார்கள்.

பின்னர் உமர் (ரழி) அவர்களின் காலம். ஹாதிப் பின் அபீ பல்தஆ (ரழி) என்ற நபித்தோழர் மதீனாச் சந்தையில் உலர்ந்த திராட்சை விற்றுக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த உமர் (ரழி) அவர்கள், ஒன்றில் விலையை ஏற்றும்படி, அல்லது சந்தையை விட்டுப் போகும்படி அவரிடம் சொன்னார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது பதிவாகியிருக்கிறது. விலையைக் குறைக்கச் சொல்லும் அதிகாரியை நாம் அறிவோம். ஏற்றச் சொன்ன கலீஃபாவைப் பாருங்கள்! தாயிஃபிலிருந்து திராட்சை ஏற்றிக்கொண்டு ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. அவர்களும் ஹாதிபின் விலைக்கே விற்க நேரிட்டால் என்னவாகும் என்ற கவலைதான் காரணம்.

ஆனால் செய்தி இத்தோடு முடியவில்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அறிவிக்கும் மீதிப் பகுதியில், உமர் (ரழி) அவர்கள் திரும்பிப் போன பிறகு தம்மைத் தாமே கணக்குக் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு ஹாதிபின் வீட்டுக்கே சென்று, தாம் சொன்னது கட்டளையுமல்ல, தீர்ப்புமல்ல, ஊராரின் நன்மையை நாடிச் சொன்னதுதான், அவர் விரும்பிய இடத்தில் விரும்பியவாறு விற்கலாம் என்று தெரிவிக்கிறார்கள்.

சகோதரிகளே, இந்த ஒரு சம்பவத்துக்குள் நமது கேள்வியின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. மலிவாக விற்பவனைத் தடுக்க முடியாது. மலிவாக வாங்குபவளையும் தடுக்க முடியாது. ஆனால் அந்த மலிவினால் ஊரிலுள்ள மற்ற வியாபாரிகளுக்கு என்ன நேரும் என்று கவலைப்படுவது வீண் கவலை அல்ல. கலீஃபா உமர் (ரழி) அவர்களே பட்ட கவலை அது.

ஆகவே ரைஸ் குக்கர் பற்றிக் கேட்ட சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "போன்ல எடுப்பது அநியாயமில்லை. உங்கள் காசு, உங்கள் விருப்பம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கடைக்காரரின் கொப்பியில் உங்கள் பெயர் இருக்கிறதா?"

கொப்பியின் பாரம்

நமது பஜார்க் கடைகளின் வாடிக்கையாளர்களில் பெரும் பகுதியினர் தோட்டத்துச் சகோதர சகோதரிகள். பத்தாம் திகதி சம்பளம் வரும். இருபதாம் திகதிக்குள் கை காலியாகிவிடும். மிச்ச நாட்களுக்குக் கொப்பிதான். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவானபோதும், 2024 செப்டம்பரில் 1350 ரூபாவானபோதும் இந்தக் கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை. ஏனென்றால் விலைகள் முந்திக்கொண்டு ஏறியிருந்தன. நம்முடைய நடுத்தரக் குடும்பங்களிலும் கொப்பி இல்லாத வீடு குறைவு.

2022ஐ நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9 வீதம். அந்த நாட்களில் சுப்பர் மார்க்கட் காசாளரிடம் போய், "பத்தாம் திகதி தாறேன், அரிசியைத் தாங்க" என்று யாராவது சொல்ல முடிந்ததா? போனுக்குள் இருக்கும் கடையிடம் "புள்ளைக்குப் பால்மா முடிஞ்சுட்டு" என்று சொன்னால் அதற்குக் காது கேட்குமா? அந்த மாதங்களில் பல குடும்பங்களின் அடுப்பெரிந்தது கொப்பியினால்தான்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். தோட்டத்து லயங்களில் பல வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. மழை பெய்தால் தோட்டத்துப் பாதையில் மோட்டார் சைக்கிள் ஏறாது. ஆகவே ஒன்லைனில் ஓடர் போடுகிறவர்கள் பஜாரிலுள்ள தெரிந்த கடையின் முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் மேசைக்குக் கீழே எப்போதும் நாலைந்து பார்சல்கள் கிடக்கும். எல்லாம் அவரிடம் வாங்காமல் வேறிடத்தில் வாங்கிய பொருள்கள். சிலவற்றுக்குக் கொண்டுவந்த பையனிடம் தன் கல்லாவிலிருந்தே காசையும் கொடுத்து வைத்திருப்பார். "என்ன நானா இது?" என்று கேட்டேன். "என்ன செய்ய மவ்லவி, நம்பி அட்ரஸ் குடுத்திருக்காங்களே" என்றார்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. அதற்கு முன்னாலுள்ள 280ஆவது வசனம், சிரமத்திலுள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி சொல்கிறது. வசதியில்லாதவளுக்கு அவகாசம் உரிமை. ஆனால் கொடுக்க வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மரணித்தவர் கடனாளியா என்று நபியவர்கள் விசாரித்ததையும் நாம் படித்திருக்கிறோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பத்தாம் திகதி கையில் காசு வருகிறது. கொப்பியில் எட்டாயிரம் ரூபா பாக்கி. அதில் இரண்டாயிரத்தை மட்டும் கொடுத்துவிட்டு, மீதிக் காசோடு மலிவு விலை தேடிப் போனால், அங்கே மிச்சம் பிடித்த ஐநூறு ரூபா யாருடையது? கடைக்காரரின் ஆறாயிரத்தை நம் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் காசால் இன்னொரு கடையில் இலாபம் தேடுகிறோம். அநியாயம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. போனில் வாங்கியதில் இல்லை.

"கடனுக்குக் கொடுப்பதால்தானே அவர் விலையைக் கூட்டி வைக்கிறார்?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். அவருடைய காசு ஒரு மாதம் நம் வீட்டில் முடங்கிக் கிடக்கிறது. சிலருடையது திரும்பி வருவதே இல்லை. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குச் சற்றுக் கூடிய விலை என்று வைப்பதைப் பெரும்பாலான இமாம்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் எந்த விலை என்பது வாங்கும்போதே முடிவாகிவிட வேண்டும். தவணை தவறியதற்காக அந்தத் தொகை பிறகு ஏறக் கூடாது. ஏறினால் அது வட்டி. இப்போது ஒன்லைனிலும் தவணைக்குப் பொருள் தரும் ஏற்பாடுகள் வந்திருக்கின்றன. தவணை பிந்தினால் மேலதிகம் அறவிடும் ஒப்பந்தமா என்று படித்துப் பார்த்த பிறகே அதில் கை வையுங்கள்.

கடைக்கார வீட்டுச் சகோதரிகளுக்கு

உங்களில் பலருடைய வீட்டுச் சோறு இந்தப் பஜார்க் கடைகளிலிருந்துதான் வருகிறது. ஆகவே உங்கள் கணவன்மாரிடம் எத்திவைப்பதற்கும் சில வார்த்தைகள் உண்டு.

இந்த மலையில் கடன் என்பது பழைய காயம். துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளி பட்ட கடனை ஒரு துண்டில் எழுதி, அந்தக் கடனைத் தீர்ப்பவரே அவரை அடுத்த தோட்டத்துக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது. நமது கொப்பி இன்னொரு துண்டாக மாறிவிடக் கூடாது. கடனில் இருப்பவள் வேறு கடைக்குப் போக முடியாது என்ற தைரியத்தில் விலையைக் கூட்டுவதும், எழுதாததை எழுதுவதும், ஏடிஎம் அட்டையை ஈடாக வாங்கி வைத்துக்கொள்வதும் எங்காவது நடந்தால், அந்தக் கடைக்காக இரக்கப்பட யாருக்கும் கடமையில்லை. தட்டுப்பாட்டு நாட்களில் பால்மாவை உள்ளே ஒளித்து வைத்தவர்களை மக்கள் இன்னும் மறக்கவில்லை.

விலையை எழுதிக் காட்சிப்படுத்துவதும் கேட்டால் பில் கொடுப்பதும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. பைக்கட்டில் போட்ட உச்ச விலைக்கு மேல் விற்பதும் குற்றம். மக்கள் சுப்பர் மார்க்கட்டுக்குப் போவது மலிவுக்காக மட்டுமல்ல. அங்கே விலை எழுதியிருக்கிறது. ஆளைப் பார்த்து மாறுவதில்லை. இதை நமது கடையிலும் செய்யலாம். செலவு ஒரு பேனாவும் அட்டையும்தான். நாலு கடைக்காரர் சேர்ந்து ஒரே லொறியில் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் பருப்பிலும் சீனியிலும் விலை குறையும். வாட்ஸ்அப்பில் பட்டியல் வாங்கிப் பொருளைக் கட்டி வைக்கும் வேலையை வீட்டிலிருக்கும் சகோதரிகளே பார்க்கலாம். சில வீடுகளில் தொடங்கியும் விட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

வாங்கும் சகோதரிகளுக்கு

முதலாவது, காசு கைக்கு வந்ததும் கொப்பியைத் தீருங்கள். முழுவதும் முடியாவிட்டால் கடைக்காரரிடம் போய், இந்த மாதம் இவ்வளவு, அடுத்த மாதம் இவ்வளவு என்று சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். கண்ணில் படாமல் மறு பக்கத்து நடைபாதையால் போவது தீர்வாகாது.

இரண்டாவது, முழு விலையையும் கூட்டிப் பாருங்கள். போனில் 200 ரூபா குறைந்த பொருளுக்கு டெலிவரி 350 ரூபா என்றால் மலிவு எங்கே? சுப்பர் மார்க்கட்டுக்குப் போய்வர பஸ் காசு எவ்வளவு? 400 கிராம் பைக்கட்டையும் ஒரு கிலோ பைக்கட்டையும் ஒப்பிடும்போது, நூறு கிராம் என்ன விலை என்று பிரித்துப் பாருங்கள்.

மூன்றாவது, பஜாரில் ரொக்கத்துக்கு வாங்கும்போது, "ரொக்கத்துக்கு என்ன விலை?" என்று வாய் திறந்து கேளுங்கள். பல கடைக்காரர் குறைத்துத் தருவார்கள். போனில் கண்ட விலையையும் சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை. முடிந்தால் தருவார், முடியாவிட்டால் ஏன் என்று சொல்வார்.

நாலாவது, காணாத பொருளை வாங்குவதில் கவனம் வேண்டும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், அதை மேலே தெரியும்படி வைக்காத வியாபாரியைக் கண்டித்ததையும் அறிவீர்கள். போனில் தெரியும் படம் குவியலின் மேற்பக்கம் மாதிரித்தான். அளவு, உத்தரவாதம், பழுதானால் திருப்பி எடுப்பார்களா என்பதையெல்லாம் வாசித்த பிறகே ஓடர் போடுங்கள். கடை எதுவானாலும் ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். அதற்குப் பில் கையில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, வாங்கும் எண்ணமே இல்லாமல் கடைக்காரரைப் பத்துப் பெட்டிகளைப் பிரிக்க வைத்து, படம் பிடித்துக்கொண்டு வந்து போனில் ஓடர் போடாதீர்கள். மார்க்கத்தில் இதற்குத் தண்டனை எழுதப்படவில்லை. ஆனால் அவருடைய நேரமும் ஒரு பொருள்தான். அதை விலை கொடாமல் எடுத்துக்கொள்வது நல்ல பெண்ணுக்கு அழகில்லை.

ஆறாவது, மலிவு என்பதற்காகத் தேவையில்லாததை வாங்காதீர்கள். பாதி விலைக்கு வாங்கிய வேண்டாத பொருளில் மற்றப் பாதி நட்டம்.

யானைகளின் சண்டையை நம்மால் நிறுத்த முடியாது. கொழும்பிலும் சீனாவிலும் அமெரிக்காவிலும் தீர்மானிக்கப்படும் விலைகள் நமது கையில் இல்லை. நமது கையிலிருப்பது ஒரு பணப்பையும் ஒரு கொப்பியும். அடுத்த சம்பள நாளில் பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுமுன் கொப்பியை ஒரு தரம் திறந்து பாருங்கள். அதில் நம் பெயருக்கு நேரே கோடு கீறப்பட்டுவிட்டால், பிறகு எங்கே மலிவோ அங்கே நிமிர்ந்த தலையோடு போய் வாங்கலாம்.

விற்பவர்களுக்கு நேர்மையையும், வாங்குபவர்களுக்கு நீதத்தையும், கடனிலிருப்போருக்கு அதைத் தீர்க்கும் வசதியையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.